பெத்லகேம் நட்சத்திரம்: விளக்கங்களைத் தாமே சோதித்துப் பார்ப்பது எப்படி?

டிசம்பர் மாதம் நெருங்கும்போது, இயேசு பிறந்த காலத்தில், வானத்தைக் கணித்துப் பொருள்சொன்ன கிழக்கத்திய சாஸ்திரிகள் கண்டதாக மத்தேயு எழுதும் பெத்லகேம் நட்சத்திரம் இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்லும் காணொளிகளும் கட்டுரைகளும் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரத் தொடங்குகின்றன. ஒன்று அதை வால்நட்சத்திரம் என்கிறது. மற்றொன்று வியாழனும் சனியும் சேர்ந்து நின்ற காட்சி என்கிறது. வேறொன்று வியாழனும் வெள்ளியும் ஒன்றாகத் தெரிந்த மாலையைத் தேதியோடு காட்டுகிறது. இவை அனைத்தும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவரோ, வேதபாட வகுப்பு நடத்துபவரோ, வானத்தில் ஆர்வமுள்ள வாசகரோ இந்த விளக்கங்களைத் தாமே சோதித்துப் பார்ப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன். இதற்கு ஒரு வேதாகமம், ஒரு குறிப்பேடு, கணினியில் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய ஸ்டெல்லேரியம் என்னும் வானியல் மென்பொருள், சில மாலை நேரங்கள் ஆகியவை போதும்.

வேதப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்

மத்தேயு 2ஆம் அதிகாரத்தின் முதல் 16 வசனங்களை, கிறிஸ்துமஸ் நாடகங்களில் பார்த்த காட்சிகளை மனத்திலிருந்து விலக்கிவிட்டு, நிதானமாக வாசியுங்கள். நட்சத்திரம் என்ற சொல் 2, 7, 9, 10 ஆகிய நான்கு வசனங்களில் வருகிறது. அந்த வசனங்கள் சொல்வதை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவை சொல்லாதவற்றையும் எதிர்ப்பக்கத்தில் எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும். சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எழுதவில்லை. அவர்கள் அரசர்கள் என்றும் எழுதவில்லை. நட்சத்திரம் கண்ணைப் பறிக்கும் ஒளியுடையது என்ற செய்தியும் அங்கே இல்லை. பலரைத் திகைக்கவைக்கும் செய்தி இன்னொன்று உண்டு: கிழக்கிலிருந்து எருசலேம் வரைக்கும் நட்சத்திரம் அவர்களை வழிநடத்தி வந்ததாக எந்த வசனமும் கூறவில்லை. யூதருக்கு ராஜா பிறந்திருக்கிறார் என்று தங்கள் நாட்டில் அறிந்துகொண்டவர்கள், ராஜாவை எங்கே தேடுவது இயல்போ அந்தத் தலைநகரத்துக்கு வந்து வழி கேட்டார்கள். பெத்லகேம் என்ற ஊர்ப்பெயர் அவர்களுக்கு மீகாவின் தீர்க்கதரிசனத்தின் மூலமாகவே தெரியவருகிறது.

7ஆம் வசனத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். யூதேயாவை ஆண்ட அரசன் ஏரோது சாஸ்திரிகளை இரகசியமாய் அழைத்து, "நட்சத்திரம் காணப்பட்ட காலத்தைக்குறித்து அவர்களிடத்தில் திட்டமாய் விசாரித்து" அறிகிறான். எருசலேம் முழுவதும் இரவுதோறும் வியந்து பார்த்த ஒன்றைப் பற்றி அப்படி இரகசியமாக விசாரிக்க வேண்டிய தேவை அவனுக்கு இருந்திருக்காது. நகரத்தார் கலங்கியதும் சாஸ்திரிகளின் கேள்வியைக் கேட்ட பிறகுதான். ஆகவே நாம் தேடவேண்டியது, வானத்தைக் கணித்துப் பொருள்சொல்லப் பழகியவர்களுக்கு மிகப் பெரியதாகவும், மற்றவர்கள் கவனிக்காமலே கடந்துபோகக்கூடியதாகவும் இருந்த ஓர் அடையாளத்தை. எவ்வளவு பிரகாசம் என்பதை முதல் அளவுகோலாக வைத்துக்கொள்பவர்கள் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்ததாக, உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "கிழக்கிலே அவருடைய நட்சத்திரத்தைக் கண்டு" என்ற 2ஆம் வசனம், அவர்களைப் பயணம் புறப்படச் செய்தது எது என்ற கேள்வியை எழுப்புகிறது. "பிள்ளை இருந்த ஸ்தலத்திற்குமேல் வந்து நிற்கும்வரைக்கும் அவர்களுக்குமுன் சென்றது" என்ற 9ஆம் வசனம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. இந்த இரண்டுக்கும் ஒரே நிகழ்ச்சியால் விடை சொல்ல முயல்வதால்தான் பல விளக்கங்கள் இடறுகின்றன.

காலத்தை வரையறுங்கள்

இயேசு ஏரோதின் நாட்களில் பிறந்தார் என்று மத்தேயு எழுதுவதால், ஏரோது இறந்த ஆண்டே நம் தேடலின் பின்னெல்லை. இன்று நாம் பயன்படுத்தும் கிறிஸ்து ஆண்டுக்கணக்கை கி.பி. 525 வாக்கில் வகுத்தவர் தியொனீசியுஸ் எக்சிகுவுஸ் என்ற துறவி. அவருடைய கணக்கு சில ஆண்டுகள் பிந்திவிட்டது. ஏரோதின் மரணத்துக்கு முன்பு ஒரு சந்திரகிரகணம் நிகழ்ந்ததாகவும், மரணத்துக்குப் பின் பஸ்கா பண்டிகை வந்ததாகவும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 4 மார்ச் 13 அன்று நிகழ்ந்த பகுதிக் கிரகணமே அது என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. கி.மு. 1 ஜனவரி 10 அன்று நிகழ்ந்த முழுக் கிரகணமே அது என்று வாதிடும் சிறுபான்மையினரும் இருக்கிறார்கள். முழுக் கிரகணம் மக்கள் நினைவில் நிற்கும் என்பதும், கி.மு. 4இல் கிரகணத்துக்கும் பஸ்காவுக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை என்பதும் அவர்களுடைய வாதங்கள்.

இந்தச் சிறுபான்மைக் கருத்தை ஏற்பதற்கு ஏரோதுடைய மகன்களின் ஆட்சிக்கணக்கு பெரிய தடையாக நிற்கிறது. அர்கெலாயு தன் ஆட்சியின் பத்தாம் ஆண்டை ஒட்டி, கி.பி. 6இல் பதவி இழந்தான். பிலிப்பு 37 ஆண்டுகள் ஆண்டு, கி.பி. 34ஐ ஒட்டி இறந்தான். இவற்றைப் பின்னோக்கி எண்ணினால் இரண்டு கணக்குகளும் கி.மு. 4க்கே வந்து சேர்கின்றன. எனவே கி.மு. 4இன் வசந்த காலத்தைப் பின்னெல்லையாகக் கொள்ளுங்கள். மாற்றுக் கருத்தை ஓரத்தில் குறித்துவையுங்கள்.

முன்னெல்லைக்கு லூக்கா உதவுகிறார். ரோமப் பேரரசர் திபேரியு ராயனின் பதினைந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 28 அல்லது 29இல், யோவான் ஸ்நானகனின் ஊழியம் தொடங்கியதாகவும், இயேசு ஏறக்குறைய முப்பது வயதில் ஊழியத்தைத் தொடங்கியதாகவும் அவர் எழுதுகிறார். கி.மு. 6இல் பிறந்தவருக்கு கி.பி. 28இல் வயது 33. பூச்சியம் என்ற ஆண்டு கிடையாது என்பதை மறவாமல் எண்ணுங்கள். அதோடு, ஏரோது விசாரித்து அறிந்த காலத்தின்படியே இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளைக் கொல்லச்செய்தான் என்று 16ஆம் வசனம் கூறுவதால், அடையாளம் தோன்றியதற்கும் சாஸ்திரிகள் வந்து சேர்ந்ததற்கும் இடையில் கணிசமான காலம் சென்றிருக்கலாம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வர எஸ்றாவின் கூட்டத்துக்கு முதல் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை ஆயிற்று என்று எஸ்றா 7:9 சொல்வதையும் இதனோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள். ஆக, கி.மு. 8க்கும் கி.மு. 4க்கும் இடைப்பட்ட வானமே நாம் முதன்மையாகப் பார்க்க வேண்டியது.

மென்பொருளைச் சரியாக அமையுங்கள்

ஸ்டெல்லேரியத்தில் இடத்தை முதலில் ஈராக்கின் பாபிலோனுக்கும் பிறகு எருசலேமுக்கும் மாற்றுங்கள். ஆண்டை இடும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வானியல் கணக்கில் பூச்சியம் ஆண்டு உண்டு, ஆகவே கி.மு. 1க்கு 0 என்றும், கி.மு. 2க்கு -1 என்றும், கி.மு. 7க்கு -6 என்றும் இட வேண்டும். -7 என்று இட்டால் நீங்கள் கி.மு. 8இன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பழைய தேதிகளுக்கு இந்த மென்பொருள் ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. நீங்கள் வாசிக்கும் கட்டுரைகளும் பெரும்பாலும் அதையே பின்பற்றுவதால் தேதிகள் பொருந்திவரும். கோள்களின் நிலைகளை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சந்திரன் ஒரு கோளை மறைக்கும் நேரத்தைப் போன்ற நுட்பங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பூமியின் சுழற்சி இந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் சற்றே தளர்ந்திருப்பதால், அக்காலத்துக்கான நேரக் கணக்கில் சில நிமிடங்களின் ஐயம் எப்போதும் இருக்கும். இன்னொன்று: திரையில் தெரியும் விண்மீன் கூட்டங்களின் எல்லைகள் 20ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. பழங்காலத்தவர் பயன்படுத்திய முப்பது பாகை ராசிகள் அவற்றோடு அப்படியே ஒத்துப்போகா.

ஒவ்வொரு விளக்கத்தையும் சோதியுங்கள்

வியாழன், சனி சேர்க்கையிலிருந்து தொடங்குவது நல்லது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்விரு கோள்களும் வானில் அருகருகே வருகின்றன. 2020 டிசம்பர் 21 அன்று நிகழ்ந்த நெருக்கமான சேர்க்கையைப் பலர் பார்த்திருப்பீர்கள். கி.மு. 7இல் நிகழ்ந்தது சற்று அரிதான வகை. பூமி தன் பாதையில் இவ்விரு கோள்களையும் முந்திச் சென்றபோது இரண்டும் வக்ரகதியில் பின்னோக்கி நகர்வதுபோலத் தோன்றி, மீனத்தில் ஒரே ஆண்டுக்குள் மூன்று முறை சேர்ந்தன: மே இறுதியில் ஒருமுறை, செப்டம்பர் இறுதியை ஒட்டி ஒருமுறை, டிசம்பர் தொடக்கத்தில் ஒருமுறை. மென்பொருளில் நாள்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். அவை ஒருபோதும் ஒரே ஒளிப்புள்ளியாகக் கலக்கவில்லை என்பதைக் காண்பீர்கள். மிக நெருங்கியபோதும் இடைவெளி ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலவுகளின் அகலம். சாதாரண மக்கள் பார்த்துவிட்டுப் போகக்கூடிய காட்சிதான் அது. ஆனால் கோள்களின் சந்திப்புகளை முன்கூட்டியே கணித்துக் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தால் பதித்துவந்த பாபிலோனிய மரபினருக்கு அது புதியதாக இருந்திருக்காது. அந்த ஆண்டுக்கான பலகைகள் இன்றும் கிடைக்கின்றன. வியாழனும் சனியும் மீனத்தில் இருந்ததை அவை குறிக்கின்றன, ஆனால் அரசரின் பிறப்பு என்று எந்தப் பொருளும் உரைக்கவில்லை. கி.மு. 6 பிப்ரவரியில் செவ்வாயும் இவற்றின் அருகே வந்து சேர்ந்தது.

இந்த விளக்கத்தை ஜெர்மானிய வானியலாளர் ஜொகான்னஸ் கெப்ளரின் பெயரோடு சேர்த்துப் பரப்புகிறவர்கள் ஒரு செய்தியை விட்டுவிடுகிறார்கள். 1603 டிசம்பரில் வியாழனும் சனியும் சேர்ந்ததையும், அடுத்த ஆண்டு அதே பகுதியில் ஒரு சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன், ஒளிர்ந்ததையும் கெப்ளர் பிராகாவில் கண்டார். கி.மு. 7இலும் அப்படியே சேர்க்கையைத் தொடர்ந்து ஒரு புதிய நட்சத்திரம் தோன்றியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அந்தப் புதிய நட்சத்திரமே பெத்லகேம் நட்சத்திரம் என்பது அவருடைய எண்ணம். சேர்க்கையையே அவர் நட்சத்திரம் என்று சொல்லவில்லை. மீனம் யூதருக்குரிய ராசி என்ற துணைவாதத்துக்கும் ஆதாரம் எந்தக் காலத்தது என்று கேளுங்கள். அது 15ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் ஐசக் அபர்பனேலின் எழுத்திலிருந்து எடுத்துக்காட்டப்படுவது. சாஸ்திரிகளின் காலத்துக்கும் அதற்கும் இடையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன.

இதே கேள்வியைக் கேட்டதால் உருவான விளக்கமே அமெரிக்க வானியலாளர் மைக்கேல் மால்னாருடையது. அலெக்சாந்திரியாவின் தாலமி 2ஆம் நூற்றாண்டில் எழுதிய சோதிட நூல், யூதேயாவை மேஷ ராசியின் ஆட்சிக்குள் வைக்கிறது. சீரியாவின் அந்தியோகியாவில் அச்சிடப்பட்ட ஒரு பழைய நாணயத்தில், ஆட்டுக்கடா திரும்பி ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கிறது. இவற்றிலிருந்து தொடங்கிய மால்னார், அரசர்களுக்குரிய கோளான வியாழன் மேஷத்தில் சிறப்புற்ற நாள்களைத் தேடினார். கி.மு. 6 ஏப்ரல் 17 அன்று, சூரிய ஒளியில் மறைந்திருந்த வியாழன் மீண்டும் விடியற்காலைக் கீழ்வானில் உதயமாயிற்று; அதே நாளில் சந்திரன் அதை மறைத்தது. அதற்கு முன்பு மார்ச் 20 அன்றும் ஒரு மறைப்பு நிகழ்ந்தது. மென்பொருளில் பார்த்தால் இவ்விரண்டையும் வெறுங்கண்ணால் காண்பது அரிது என்பது புலப்படும்: ஏப்ரல் மறைப்பு நண்பகலை ஒட்டியது, மார்ச் மறைப்போ சூரியன் அடங்கும் வேளையில் அடிவானத்துக்கு அருகில் நிகழ்ந்தது. கணக்கறிந்தவர்கள் மட்டும் அறியக்கூடியது என்பதால் இது 7ஆம் வசனத்தோடு அழகாகப் பொருந்துகிறது. கண்டோம் என்று சாஸ்திரிகள் சொல்வதோடு பொருந்துமா என்பதை வகுப்பில் கேள்வியாகவே வைக்கலாம். ஆனால் அந்த விடியற்காலை உதயம் அவர்கள் கண்ணால் தேடிக் காத்திருந்த வகையைச் சேர்ந்தது.

வால்நட்சத்திர விளக்கம் மிகப் பழையது. 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் ஒரிஜன் அந்த நட்சத்திரத்தை வால்நட்சத்திரங்களோடு ஒப்பிட்டார். நல்ல நிகழ்வுகளுக்கு முன்னும் அவை தோன்றியதுண்டு என்றும் எழுதினார். இத்தாலியின் பதுவா நகரத்து ஸ்க்ரொவேஞ்ஞி ஆலயத்தில் ஓவியர் ஜொத்தோ வரைந்த ஓவியத்தில் கொட்டிலின் மேல் வால்நட்சத்திரமே பாய்கிறது. 1301இல் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் வரையப்பட்டது அது. ஆனால் ஹாலி கி.மு. 12இல் வந்தது, அந்த ஆண்டில் பிறந்தவர் கி.பி. 28இல் 39 வயதை எட்டியிருப்பார் என்பதால் லூக்காவின் கணக்கோடு அது முரண்படுகிறது. இதைவிடக் கவனத்துக்குரியது சீனாவின் ஹான் பேரரசு ஏடுகளில் உள்ள கி.மு. 5ஆம் ஆண்டுப் பதிவு. மகர ராசிப் பகுதியில் தோன்றிய ஒரு துடைப்ப நட்சத்திரம் எழுபது நாள்களுக்கும் மேலாகத் தெரிந்தது என்று அது கூறுகிறது. காலம் பொருந்துகிறது, மார்ச், ஏப்ரல் மாதங்களில் அப்பகுதி விடிவதற்கு முன் தென்கிழக்கில் எழுந்து தெற்கு நோக்கி நகரும். பிரித்தானிய இயற்பியலாளர் காலின் ஹம்ஃப்ரீஸ் இதையே பெத்லகேம் நட்சத்திரமாக முன்வைத்தார். அது நகர்ந்ததாகச் சீனப் பதிவில் இல்லை என்பதால், வால்நட்சத்திரமாக இல்லாமல் ஒரு நோவாவாக, அதாவது திடீரென்று ஒளி கூடித் தெரியும் விண்மீனாக, இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. வால்நட்சத்திரம் கேட்டின் அறிகுறி என்ற பொதுவான அச்சத்தை இதற்கு எதிராகக் காட்டுவார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் இறந்தபின் தோன்றியதை ரோமர் அவருடைய ஆன்மா விண்ணேறியதாகவே கொண்டாடினார்கள் என்பதால் அந்த மறுப்பு அவ்வளவு வலுவானதன்று. எழுபது நாள்கள் வாலோடு நின்ற ஒன்றை ஏரோது எப்படி அறியாமல் இருந்தான் என்ற மறுப்புக்குத்தான் விடை சொல்லக் கடினம்.

வியாழன், வெள்ளி விளக்கம் இணையத்தில் அதிகம் பரவியிருப்பதற்குக் காரணம் அதன் அழகு. கி.மு. 3 செப்டம்பர் முதல் கி.மு. 2 மே வரை வியாழன் மகம் நட்சத்திரத்தை மூன்று முறை கடந்தது, கி.மு. 2 ஜூன் 17 அன்று மாலை வியாழனும் வெள்ளியும் மேற்கு வானில், வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்கு, ஒன்றாகவே தெரிந்தன. பாபிலோனிலிருந்து பார்த்தவர்களுக்கு யூதேயா இருந்த திசையில் இப்படியொரு காட்சி! பார்த்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மென்பொருளில் அந்த மாலையைக் கட்டாயம் பாருங்கள். பிறகு உங்கள் குறிப்பேட்டில் உள்ள பின்னெல்லையைப் பாருங்கள்: ஏரோது கி.மு. 4இல் இறந்துவிட்டான் என்றால் இந்த விளக்கம் முழுவதும் விழுந்துவிடுகிறது.

சூப்பர்நோவா விளக்கத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. அத்தகைய வெடிப்பு விண்வெளியில் எச்சத்தை விட்டுச்செல்லும். 1054இல் வெடித்ததன் எச்சமான நண்டு நெபுலாவை இன்றும் தொலைநோக்கியில் காணலாம். நம் காலத்துக்குப் பொருந்துவதாக உறுதிசெய்யப்பட்ட எச்சம் எதுவும் இல்லை.

ஒன்பதாம் வசனத்தைத் தனியாக அணுகுங்கள்

பெத்லகேம் எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எருசலேமை இடமாக வைத்து, கி.மு. 7 டிசம்பர் தொடக்கத்து மாலை ஒன்றில் நேரத்தை நகர்த்திப் பாருங்கள். இருட்டத் தொடங்கும்போது வியாழனும் சனியும் தெற்கு வானில் நிற்கும். பெத்லகேம் சாலையில் நடப்பவர்களுக்கு அவை முன்னே செல்வதுபோலவே இருக்கும். வக்ரகதி முடிந்து திரும்பும் நாள்களில் ஒரு கோள் விண்மீன்களுக்கிடையே அசையாமல் நிற்பதையும் சிலர் இங்கே சுட்டுவார்கள். முன்சென்றது என்பதற்கு இவ்வளவு போதும். ஆனால் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள எந்தக் கோளும் எந்த விண்மீனும் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்ட முடியாது. பத்தடி நகர்ந்தாலும் அது பக்கத்து வீட்டுக்கு மேலும் அப்படியே நிற்கும். விண்பொருள் ஓர் இடத்துக்கு மேல் நின்றது என்பது அக்கால எழுத்தாளர்களின் வழக்குதான் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். எருசலேமின் மேல் வாள்போன்ற ஒரு நட்சத்திரம் நின்றதாக யோசேபஸ் எழுதுகிறார்.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் இந்த இடரைத் தெளிவாகவே கண்டார். வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்தது, மறைந்து மீண்டும் தோன்றியது, கீழிறங்கி இடத்தைக் காட்டியது ஆகியவற்றைச் சொல்லி, அது பிற நட்சத்திரங்களைப் போன்றதே அன்று என்றும், நட்சத்திர வடிவில் தோன்றிய ஒரு தெய்வ வல்லமை என்றும் விளக்கினார். இது அறிவியலால் நிறுவவோ மறுக்கவோ முடியாத விளக்கம். இதை நம்புகிறவர் மென்பொருளில் ஆதாரம் தேடவேண்டியதில்லை; தேடினால் தம் விளக்கத்தையே கைவிட்டவராவார்.

மறுபக்கத்தில், இந்த நட்சத்திரத்தை இறையியல் நோக்கில் அமைந்த எழுத்தாகக் கொள்ளும் வேதஅறிஞர்கள் இருக்கிறார்கள். "ஒரு நட்சத்திரம் யாக்கோபிலிருந்து உதிக்கும்" என்று பிலேயாம் உரைத்த எண்ணாகமம் 24:17ஐ அவர்கள் காட்டுவார்கள், கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக எழுந்த தலைவன் பர் கோக்பா, அதாவது நட்சத்திரத்தின் மகன், என்று அழைக்கப்பட்டதற்கும் அந்த வசனமே பின்னணி. கி.பி. 66இல் அர்மேனியாவின் திரிதாத்து தன் கூட்டத்தாரோடு ரோமுக்கு வந்து நீரோவைப் பணிந்து, வேறு வழியாக நாடு திரும்பியதையும் ஒப்பிடுவார்கள். இந்த வாதத்தை மரியாதையோடு எடுத்துரையுங்கள். அதற்கெதிரான ஒரு குறிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே அதிகாரத்தில் மீகா, ஓசியா, எரேமியா ஆகியோரின் வார்த்தைகள் நிறைவேறியதாக எடுத்துக்காட்டும் மத்தேயு, பிலேயாமின் நட்சத்திர வாக்கை எங்குமே காட்டவில்லை. அதை நிறைவேற்றுவதற்காகவே எழுதியிருந்தால், அதைச் சொல்லாமல் விட்டிருப்பாரா?

வகுப்பில் முன்வைக்கும்போது

ஒவ்வொரு விளக்கத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி ஒதுக்கி, நான்கு கேள்விகளை எழுப்புங்கள்: ஏரோதின் மரணத்துக்கு முன் நிகழ்ந்ததா, யூதருக்கு அரசர் என்ற பொருளை அக்காலத்து ஆதாரம் எதுவும் தருகிறதா, ஏரோது விசாரித்து அறியவேண்டிய அளவுக்கு மறைவாக இருந்ததா, 9ஆம் வசனத்தின் எந்தப் பகுதி வரை துணைநிற்கிறது. என் கணிப்பில், 2ஆம் வசனத்துக்கு கி.மு. 7, 6 ஆண்டுகளின் வியாழன் நிகழ்ச்சிகளே மற்றவற்றைவிட நன்றாக ஈடுகொடுக்கின்றன. 9ஆம் வசனத்தின் கடைசிப் பகுதிக்கு வானியலில் எதுவும் ஈடுகொடுக்கவில்லை. அங்கே வானியல் நின்றுவிடுகிறது என்று கேட்பவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். எந்தக் கேள்வியில் என்னிடமிருந்து பிரிந்தீர்கள் என்பதை மட்டும் குறித்துவையுங்கள்.

காணொளி பார்த்துவிட்டு வருபவர்கள், வியாழன் கி.மு. 2 டிசம்பர் 25 அன்று பெத்லகேமின் மேல் அசையாமல் நின்றது என்று உறுதியாகச் சொல்வார்கள். அந்த நாள்களில் வியாழன் திரும்பும் நிலையில் இருந்தது உண்மைதான். மென்பொருளிலேயே அவர்களுக்குக் காட்டுங்கள். அதற்கு முன்பின் சில நாள்களிலும் அது ஏறக்குறைய அசையாமலே இருப்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். டிசம்பர் 25ஐ இயேசுவின் பிறந்தநாளாக ரோமில் கொண்டாடியதற்கான உறுதியான பதிவு 4ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது என்பதையும், ஏரோது கி.மு. 2க்கு முன்பே இறந்திருந்தான் என்று கருத வலுவான காரணங்கள் இருப்பதையும் அந்தத் திரையின் முன்பே எடுத்துச் சொல்லலாம்.